நாவல் எழுதி முடித்தாயிற்று. இனி என்னென்ன வேலை பாக்கி?

கொட்டகலைப் பேனா (கேள்வி)

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். உங்கள் தங்கச்சிக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

நாவலின் முதல் வரைவு முடிந்துவிட்டது. 42 அத்தியாயம், ஏறக்குறைய 1,10,000 சொல். 1958இல் தொடங்கி 1992இல், தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த வருடத்தில் முடிகிறது. ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயம் (தொழிலாளர் வரிசை வீடு), மூன்று தலைமுறை. தாத்தா இந்தியாவுக்குப் போகிறார். மகள் போகமாட்டேன் என்று நின்றுவிடுகிறாள். பேரன் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறான். முதல் பாதி பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு) அடித்தது, மற்றப் பாதி யூனிகோட்.

கடைசி அத்தியாயத்துக்கு மூன்று வடிவம் கிடக்கிறது: பேரன் ஹட்டனில் ரயில் ஏறுவது, லயத்தின் மேல் மண் சரிவது, பத்து வருடம் கழித்து எல்லாரும் கூடுவது. எதை வைக்க? நாவல் உண்மையில் முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? தோட்டத்துச் சொற்களுக்குப் பின்னால் அகராதி போட வேண்டுமா? இப்போது ஓகஸ்ட். தைப்பொங்கலுக்கு வெளியீடு வைத்துவிடலாம் என்கிறார்கள், முடியுமா?

பண்டாரவளை வாசகி

தங்கச்சி, முடித்ததற்கு முதலில் வாழ்த்து. முப்பதாவது அத்தியாயத்தோடு கொப்பியை மூடியவர்கள்தான் நம் பக்கம் அதிகம்.

இனி முதல் வேலை, அதைத் தொடாமல் இருப்பது. ஆறு வாரமாவது வேண்டும். எழுதிய சூட்டோடு வாசித்தால், தாளில் விட்டுப்போனதை மனசே நிரப்பிக்கொண்டு போகும். எழுதாத காட்சியைக்கூட எழுதியதாகவே நினைப்போம். அந்த நினைவு கொஞ்சம் மங்கினால்தான் ஓட்டை தெரியும். முடித்த கையோடு ஒரு வெறுமையும் வரும். அதைத் தாங்கமாட்டாமல்தான் பலர் மறுநாளே கமாவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். கை சும்மா இருக்காது என்றால் சிறுகதை எழுதுங்கள், நாவலின் ஆட்கள் யாரும் எட்டிப்பார்க்காத கதையாக.

ஆறு வாரம் கழித்து முழுவதையும் அச்செடுங்கள். ஏ4 தாள், இரட்டை இடைவெளி, வலப்பக்கம் இரண்டு அங்குலம் வெறுமை. ஒரு ரீம் தாள் கிட்டத்தட்டப் போகும், அதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். திரையில் வாசித்தால் கை தன்பாட்டுக்கு வரியைத் திருத்தத் தொடங்கிவிடும், அத்தியாயம் நொண்டுவது தெரியாது. தாளில் மூன்றே குறி போடுங்கள்: அலுத்த இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி, முன்னமே சொன்னது திரும்ப வந்தால் வட்டம். ஒரு வாரத்துக்குள் வாசித்து முடித்துவிட வேண்டும். இழுத்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் சொன்னது முப்பதாவதில் நினைவில் இருக்காது.

பிறகு ஒரு சீ.ஆர். கொப்பி (பெரிய குறிப்பேடு) எடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஐந்து பத்தியாகக் கோடு போடுங்கள். காட்சி எண், வருடமும் மாதமும், இடம், யார் பார்வை, அந்தக் காட்சியில் என்ன மாறுகிறது. கடைசிப் பத்திதான் வேலை செய்யும். அங்கே எழுத ஒன்றும் கிடைக்காத காட்சி வெட்டுக்குப் போக வேண்டும், அல்லது பக்கத்துக் காட்சியோடு சேர வேண்டும். தோட்டத்து நாவல்களில் இந்த வெற்றுக் கட்டங்கள் எங்கே விழும் என்று பார்க்காமலே சொல்லலாம்: பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), கொழுந்து நிறுவை, சம்பள நாள், கோயில் திருவிழா. பெரட்டுக்களத்தை ஒருமுறை முழுதாகக் காட்டுங்கள், போதும். இரண்டாம் முறை அங்கே போனால் யாருக்காவது பேர் (அன்றைய சம்பளம்) வெட்டப்பட வேண்டும், அல்லது யாராவது எதிர்த்துப் பேச வேண்டும். 1,10,000இல் 25,000 முதல் 30,000 சொல் இப்படிப் போனாலும் கதைக்கு ஒரு குறையும் வராது.

முதல் அத்தியாயத்தையும் பாருங்கள். முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த கப்பல், மன்னார் வழி நடை, கோப்பிச் செடி, நோய் என்று தொடங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். 1958 கதைக்கு அது முன்னுரை, நாவல் அல்ல. தாத்தாவுக்கு அது தெரியும் என்றால் ஒரு சண்டைக்கு நடுவில் அவர் வாயால் நாலு வரி வரட்டும்.

முடிவுக்கு வருகிறேன். மண்சரிவு, குளவிக் கொட்டு, மின்னல் எல்லாம் நம் மலையில் நிஜம்தான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் முதன்முதலாக வந்தால், பாத்திரங்கள் எடுக்க வேண்டிய முடிவை மலை எடுத்துவிடும். மண்சரிவுதான் வேண்டும் என்றால் இருபதாவது அத்தியாயத்திலிருந்தே சுவரில் வெடிப்பு, மேட்டில் சாய்ந்து நிற்கும் மரம், கான் (வடிகால்) அடைபட்டு நிற்கும் தண்ணி, தெளிவாக ஓடின தண்ணிப் பீலியில் கலங்கல் என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். அதுவும் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) சொல்லியும் நடக்காமல் போனதாக இருந்தால்தான் அது கதை. பத்து வருடம் கழித்து எல்லாரும் கூடுவது வாசகருக்கு ஆறுதல் சொல்ல வைத்தது. எடுத்துவிடலாம்.

ரயில் முடிவு பழசுதான். அதைவிடப் பெரிய கேள்வி, இது யாருடைய நாவல் என்பது. போகமாட்டேன் என்று நின்ற மகளுடையது என்றால், ரயில் ஏறுகிறவனோடு நாவலை அனுப்பிவிட்டு அவளை எங்கே விடுவீர்கள்? ஒரு சோதனை இருக்கிறது. 42ஆம் அத்தியாயமே இல்லாமல் 41ஐ மட்டும் ஒருவரிடம் கொடுங்கள். வாசித்துவிட்டு என்ன தெரிய வேண்டும் என்று காத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் நாவல் 41இல் முடிந்திருக்கிறது. "அந்தப் பிள்ள என்ன ஆனா?" என்றால் எழுத வேண்டியது அந்தப் பிள்ளையைத்தான்.

முடிந்ததா என்று பார்க்க நான் நம்பும் அடையாளம் இது: ஓர் இடத்தில் கை வைத்தால் வேறு மூன்று அத்தியாயத்தைத் திருத்த வேண்டி வந்தால் கட்டமைப்பு இன்னும் முடியவில்லை. திருத்தம் அந்தப் பந்திக்குள்ளேயே நின்றுவிட்டால் கட்டமைப்பு முடிந்தது, மொழி பாக்கி. எடுத்த சொல்லையே திரும்பப் போடத் தொடங்கினால் உங்கள் பங்கு முடிந்தது, வேறு கைக்குக் கொடுங்கள்.

மட்டக்கம்பு (மஸ்கெலியா)

அக்கா சொன்ன கொப்பியில் இரண்டாம் பத்தியை, வருடம் மாதத்தை, சும்மா நிரப்பாதீங்க தங்கச்சி. 1958–1992 என்றால் அதில்தான் கிடங்கு இருக்கு.

முதலில் வயசு. ஒரு தாளில் மேலே வருடங்கள், பக்கத்தில் பேர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வயசு. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் எத்தனை வருடம், மகள் எத்தனை வயசில் பேர் பதிந்து மலைக்குப் போனாள் என்பதெல்லாம் அந்தத் தாளில் அகப்பட்டுக்கொள்ளும். எட்டு மாதத்தில் இரண்டு பிள்ளை பெற்ற தாயெல்லாம் அச்சேறியிருக்கிறார்கள்.

அடுத்தது நாட்டு நாட்காட்டி. 1972 மே 22க்கு முன்னால் பாத்திரம் வாயில் நாட்டின் பேராக "ஸ்ரீலங்கா" வரக்கூடாது, சிலோன் அல்லது இலங்கைதான். 1966 தொடக்கம் 1971 நடுப்பகுதி வரை பள்ளிக்கூடம், கந்தோர் எல்லாத்துக்கும் கிழமை லீவு போயா நாளில் (பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரைநிலா நாள்). ஞாயிறு வேலை நாள். 1968இல் "ஞாயிற்றுக்கிழம பள்ளிக்கூடம் இல்ல" என்று பிள்ளை வீட்டில் இருந்தால் பிழை. போயாவுக்கு முந்தின நாள் அரை நாள். இதில் ஒரு வசதியும் இருக்கு, லீவு நாளைச் சொன்னாலே அன்றைக்கு இரவு நிலா எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

ரீ.வி.யில் ரூபவாஹினி வந்தது 1982, அதற்கு முன் 1979இல் ஐ.ரீ.என். அதுவும் லயத்துக்கு உடனே வரவில்லை, கரண்ட் வேண்டுமே. நிறுவை பழைய காலத்தில் றாத்தல், கிலோ பிறகுதான். 40 றாத்தல் ஏறக்குறைய 18 கிலோ. தாத்தா காலத்தில் "பதினெட்டு கிலோ எடுத்தா" என்று எழுதினால் காதில் குத்தும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால், கம்பனித் தோட்டங்கள் 1975இல். ஆகவே 1980இல் வெள்ளைக்காரப் பெரிய துரை குதிரையில் வரக்கூடாது.

இந்தியா போகிற அத்தியாயத்தைக் கட்டாயம் திரும்பப் பாருங்க. தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரை 1974 ஒப்பந்தத்தில் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கையெழுத்துப் போட்ட மறுநாள் யாரும் மூட்டை கட்டவில்லை. நடைமுறைப்படுத்தும் சட்டமே 1967இல்தான் வந்தது. கூட்டமாகப் போனது எழுபதுகளில். வழி: ஹட்டனில் ஏறி பொல்காவலையில் இறங்கி மாறி, மாஹோ, அனுராதபுரம், மதவாச்சி, தலைமன்னார். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேற்றிவிடுகிற நாவல்கள் இருக்கு, வாசிக்கிற கிழவன்மார் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப் பிறகு போனவர்கள் இராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள், அங்கிருந்து மண்டபம் முகாம். 1984க்குப் பிறகு அந்தக் கப்பலும் ஓடவில்லை.

மழை. இதில் வெளியூர்க்காரர் மட்டுமில்லை, நம்ம ஆட்களும் வழுக்குகிறார்கள். ஜூலை, ஓகஸ்ட் மாதம் மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் விடாத மழை, கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டுகிற படங்கு காயாது. அதே நேரம் பதுளைப் பக்கம் காய்ந்த காற்று, ஊவாவில் நல்ல தேயிலை வருகிற பருவமே அதுதான். உங்கள் தோட்டம் கொட்டகலைப் பக்கம் என்றால் நல்ல வெயில் தை, மாசியில். நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதும் அந்த மாதங்களில்தான்.

வேலை. கவ்வாத்து வெட்டிய (செடியைக் குட்டையாகத் தறித்த) மலையில் மூன்று மாதமாவது கொழுந்து எடுக்க ஏலாது, மேல்நாட்டில் இன்னும் கூட ஆகும். 12ஆம் அத்தியாயத்தில் ஏழாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டி, 13இல் அடுத்த மாதமே அங்கே பெண்டுகளை நிறுத்திவிடாதீங்க. ஒரே மலைக்குத் திரும்பி வருவது ஏறக்குறைய ஏழு நாளைக்கு ஒருக்கா. காலையில் எடுத்த கொழுந்து சாயங்காலம் தேயிலையாகாது. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வாட்டவே 12 முதல் 18 மணித்தியாலம், பிறகு அரைத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் புளிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் அடுப்பு. நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை.

இடத்தைப் பற்றி இன்னொன்று. நிஜ டவுன், கற்பனைத் தோட்டம் என்று வையுங்க. நிஜத் தோட்டத்தின் பேரைப் போட்டால் அந்தக் காலத்துத் துரை, கணக்கப்பிள்ளை, தலைவர் எல்லாரும் நாங்கள்தான் என்று வந்து நிற்பார்கள். நிஜ ஆளை வைத்து எழுதியிருந்தால் பேரை மட்டும் மாற்றுவது காணாது. ஊர், உத்தியோகம், குடும்பக் கணக்கு இவற்றில் இரண்டையாவது மாற்றுங்க. டவுன் நிஜம் என்றால் அதன் வருடமும் நிஜமாக இருக்க வேண்டும். பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலைத் தண்ணிக்குள் போனது அறுபதுகளின் பிற்பகுதியில். 1975இல் உங்கள் ஆள் அங்கே கடைத்தெருவில் நடந்தால் நீந்த வேண்டிவரும்.

பிழைதிருத்தி (கண்டி)

மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பாமினிப் பாதியை மாற்றுங்கள், அதற்குப் பிறகே ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். மாற்றும்போது மிக அதிகமாகக் கெடுவது காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளிச் சாவி 'இ' எழுத்துக்கு உரியது. ஆகவே சாதாரண எழுத்துருவில் அடித்த காற்புள்ளியும் மாற்றியில் 'இ' ஆகிவிடும். "பாலும்இ சீனியும்இ" என்று வரும். சொல்லின் கடைசியில் ஒட்டி நிற்கும் 'இ' எல்லாவற்றையும் இடைவெளியோடு சேர்த்துத் தேடுங்கள். தமிழ்ச் சொல்லில் அந்த இடத்தில் 'இ' வராது, ஆகையால் மொத்தமாக மாற்றலாம். மேற்கோள் குறிகளும் கெடும், ஸ்ரீ, க்ஷ போன்றவையும் கெடும். காலையும் 'ர'வையும் மாற்றி அடித்திருந்தால் பாமினியில் எளிதில் கண்ணில் படாது, யூனிகோட்டில் பல்லிளிக்கும். 'கௌ' என்பது 'கெள' என்று மூன்று துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். 'கொ' என்பதையும் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று அடித்திருந்தால் பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் அகப்படாமல் போகலாம். கதாநாயகியின் பேரை மாற்றும்போது நாலு இடத்தில் பழைய பேர் மிஞ்சுவது இதனால்.

அடுத்து நடைத்தாள். ஒரே சொல்லை எத்தனை விதமாக எழுதியிருக்கிறீர்கள் என்று அகர வரிசையில் எழுதிவைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கம்பனி/கம்பெனி/கொம்பனி, லயம்/லயன், காம்பரா/காம்பிரா, பிரஜாவுரிமை/பிரசாவுரிமை. எது சரி என்பது இரண்டாம் பட்சம், எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தாளரின் குரலில் ஒரே வடிவம். பாத்திரங்களின் வாயில் ஆளுக்கு ஒரு வடிவம், ஆனால் அந்த ஆளுக்கு எப்போதும் அதே வடிவம். "வந்துச்சு" என்கிற கிழவி இருபது பக்கம் தாண்டி "வந்தது" என்றால் கிழவியை யாரோ திருத்திவிட்டார்கள் என்று பொருள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார் "என்ன செய்யிறியள்" என்பார், லயத்துப் பிள்ளை அப்படிப் பேசாது. பெரிய துரை தமிழில் கட்டளை மட்டும் போடுவார், நீண்ட வாக்கியம் பேசமாட்டார். ஒவ்வொரு பாத்திரத்தின் வசனத்தை மட்டும் தனியே வெட்டி ஒரு கோப்பில் ஒட்டி, ஒரே மூச்சில் வாசித்தால் இந்த வழுக்கல்கள் உடனே தெரியும்.

ஒற்று: எழுத்தாளர் குரலில் வல்லினம் மிகும் இடத்தில் மிகட்டும். வசனத்தில் போட்டால் மேடைப் பேச்சாகிவிடும், விடுங்கள்.

அகராதி வேண்டாம் என்பது என் கருத்து. பெரட்டு, கவ்வாத்து, இஸ்தோப்பு, கொந்தரப்பு எல்லாம் முதல் வருகையில் செயலோடு வந்தால் வாசகர் பிடித்துக்கொள்வார். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போட்டால் நாவல் அல்ல, ஆய்வேடு.

கடைசிப் படி, மெய்ப்பு. இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் கைப்பிரதியைச் சத்தமாக, காற்புள்ளியையும் சேர்த்து வாசிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்தால் கண் சோர்ந்து ர/ற, ன/ண எல்லாம் ஒன்றாகத் தெரியும், அதற்கு முன் எழுந்துவிட வேண்டும். எழுதியவரே வாசிக்கிற மெய்ப்பை நான் மெய்ப்பாக எண்ணுவதில்லை.

பண்டாரவளை வாசகி

அகராதி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. நம் புத்தகத்தை மட்டக்களப்பிலும் வாசிப்பார்கள், சென்னையிலும் வாசிப்பார்கள். 'பேர் போட்டார்கள்', 'அரைப்பேர்' என்பது சம்பளக் கணக்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொல் தெரிந்ததாக இருந்து பொருள் வேறாக இருப்பவற்றை மட்டும் எடுங்கள்: பேர், மலை, ஸ்டோர், தலைவர், கைக்காசு. இருபது முப்பது சொல்தான் வரும். கடைசி ஒன்றரைப் பக்கத்தில் போட்டுவிடலாம், கதைக்குள் அடிக்குறிப்பு வேண்டாம்.

வாசிக்கக் கொடுப்பதைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். மூன்று பேர் போதும், மூன்று விதமாக இருக்க வேண்டும்: அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர், தோட்டமே தெரியாத ஒருவர், நிறைய நாவல் வாசிக்கிற ஒருவர். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள், எந்த இரண்டு பேரை மாறிப் புரிந்துகொண்டீர்கள், எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனீர்கள், இந்த மூன்றைக் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே பிழை இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனையை எடுக்க வேண்டியதில்லை.

பதினாறு பக்கம் (ஹட்டன்)

அச்சு வேலை பற்றி.

ஏ5 அளவு, பதினொன்றரைப் புள்ளி எழுத்து என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 230 சொல். 1,10,000 சொல் 478 பக்கம். முன்பக்கங்கள் எட்டைச் சேர்த்தால் 486, ஒரு ஃபோம் (ஒன்றாக அச்சடித்து மடிக்கிற கட்டு) 16 பக்கம், ஆக 31 ஃபோம், 496 பக்கம். அக்கா சொன்ன மாதிரி 80,000க்குக் குறைத்தால் 348உம் எட்டும் 356. இருபத்திரண்டரை ஃபோமில், 360 பக்கத்தில் அடங்கும். எட்டரை ஃபோம் மிச்சம் என்றால் தாள், அச்சுத் தட்டு, மடிப்பு, தபால் செலவு எல்லாவற்றிலும் மிச்சம். மிஞ்சுகிற நாலு பக்கத்தில் அகராதி போடுங்க, சண்டை தீர்ந்தது.

500 பக்கத்தைப் பசை பைண்டிங்கில் கொடுத்தால் முதுகு 22 முதல் 25 மில்லிமீற்றர் வரும். நடுவில் விரித்துப் பிடித்தால் வெடிக்கும், தையல் பைண்டிங் கேளுங்க. அச்சகத்தாரிடம் தாளின் நார் முதுகுக்கு ஒத்த திசையில் ஓடுகிறதா என்றும் கேளுங்க. குறுக்கே ஓடினால் நம்ம ஊர் ஈரத்துக்குப் பக்கங்கள் அலை அலையாக நிற்கும். அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் லெமினேட் பண்ணுவதால், மற்றப் பக்கம் ஈரத்தை உறிஞ்சி, அட்டை மேலே சுருளும். மழை மாதத்தில் அச்சடித்தால் இது கூடும். வந்ததும் பெட்டியைத் தரையில் வைக்காதீங்க, வெளிச்சுவரோடு ஒட்டியும் வைக்காதீங்க. பலகை மேல், படுக்கை வசமாக, பாரம் வைத்து.

முதுகு அகலம் தெரியாமல் அட்டை வரைய வேண்டாம். பக்க எண்ணிக்கை முடிவானதும் அதே தாளில் வெற்றுப் புத்தகம் ஒன்று கட்டித் தரச் சொல்லி, அளந்து, பிறகு வரையுங்க.

பக்க அமைப்புக்கு இன்டிசைன் மென்பொருள் என்றால் அதிலுள்ள வேர்ல்ட்-ரெடி கம்போசரை இயக்கிய பிறகே யூனிகோட்டைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சில அச்சகத்தார் இதற்காகவே திரும்பப் பாமினிக்கு மாற்றுவார்கள், அப்போது பிழைதிருத்தி அண்ணன் சொன்ன அத்தனையும் மறுபடி நடக்கும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீங்க. இருபக்கமும் நேராக நிறுத்தினால் தமிழில் சொல் நீளம் என்பதால் வரிக்கு நடுவில் ஓட்டை விழும். சொல்லை வெட்ட அனுமதியுங்க, ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது. மெய்ப்பில் ஒரு சொல் கூட்டினாலும் அந்த அத்தியாயத்தின் மிச்சப் பக்கம் எல்லாம் நகரும், ஆகையால் திருத்தின வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீங்க, அத்தியாய முடிவு வரை புரட்டுங்க.

ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான எண்) கொழும்பு 7, தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில். 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும். அட்டை அச்சுக்குப் போவதற்கு முன்னமே வாங்க வேண்டும். பிறகு ஸ்டிக்கர் ஒட்டின புத்தகம் பார்க்கச் சகிக்காது. பதிப்புரிமைக்குத் தனியாகப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியதுமே உங்களுடையது, ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 வருடத்துக்கும். அதே சட்டம் சினிமாப் பாட்டு எழுதினவருக்கும் இருக்கு. அத்தியாயத் தலைப்பில் பழைய பாட்டின் பல்லவி போட்டிருந்தால் எடுத்துவிடுங்க. கொழுந்து மலையில் பாடுகிற நாட்டார் பாட்டு பிரச்சினையில்லை.

தைப்பொங்கலுக்கு ஏலாது. பின்னாலிருந்து எண்ணுங்க. அச்சும் பைண்டிங்கும் மூன்று வாரம், டிசெம்பரில் நாட்காட்டி வேலை நெருக்கும் என்பதால் அதுவும் நிச்சயமில்லை. மெய்ப்பு இரண்டு சுற்று மூன்று வாரம். பக்க அமைப்பு இரண்டு வாரம். ஆக நவம்பர் நடுவில் கைப்பிரதி கடைசி வடிவத்தில் கையில் இருக்க வேண்டும். ஆறு வாரம் ஆறப்போட்டு, ஒரு வாரம் வாசித்தாலே ஒக்டோபர் வந்துவிடும், 42 அத்தியாயத்தை ஆறு வாரத்தில் திரும்ப எழுத முடியுமா? சித்திரைக்கும் நெருக்கம்தான். ஆடிக்குச் சொல்லுங்க. எண்ணிக்கை முதலில் 300, தட்டுச் செலவு பரவும் அளவுக்கு அது காணும். நூறு போதும் என்றால் டிஜிட்டல்.

கொட்டகலைப் பேனா

எல்லாருக்கும் நன்றி. பொங்கல் யோசனையை விட்டுவிட்டேன். 41 அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுக்கப்போகிறேன்.

மட்டக்கம்பு அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். தாத்தா போவது 1963 சித்திரையில். தனுஷ்கோடியில் இறங்குகிறார். அது சரிதானே?

மட்டக்கம்பு (மஸ்கெலியா)

1963 என்றால் தனுஷ்கோடி சரி தங்கச்சி. ஆனால் அது ஒப்பந்தத்துக்கு முந்தின வருடம். அப்போது போகிறவர் தன் விருப்பத்தில், தன் செலவில் போகிறவர். அரசாங்கம் அனுப்புகிற ஆள் அல்ல. அவருக்காக லயமே அழுது, தப்படித்து வழியனுப்பி, மண்டபம் முகாமில் போய்த் தங்குகிற காட்சியெல்லாம் இருந்தால் ஒட்டாது. இரண்டில் ஒன்று பண்ணுங்க. தாத்தா ஊர் ஆசையில் தானாகப் போகிறார் என்றால் 1963உம் தனுஷ்கோடியும் நிற்கட்டும், முகாமை எடுங்க; அப்போது மகள் போகாமல் நின்றதும் அரசாங்கத்தை மறுத்தது ஆகாது, அப்பாவை மறுத்தது ஆகும், அவள் பேசுகிற பேச்செல்லாம் மாறும். ஒப்பந்தத்தில்தான் போக வேண்டும் என்றால் 1970க்குப் பிறகு தள்ளி, இராமேஸ்வரத்தில் இறக்குங்க. வயசுத் தாளையும் கையோடு எடுத்துப் பாருங்க. ஏழெட்டு வருடம் தள்ளினால் பேரன் வழியனுப்பும்போது கைக்குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் போகிற பையன்.